எட்டாவது பெட்டி

அடுத்த மாதம் நீங்கள் முதன்முறையாக ஒரு வணிகக் குழுவை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகிறீர்களாம். போவதற்கு முன் உங்களிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று நம் ஏற்றுமதி வளர்ச்சி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். பேசினால் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் இருமல் வரும், எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஓய்வு பெற்ற ஆளிடம் எல்லோரும் வெற்றிக் கதைதான் எதிர்பார்ப்பார்கள். அதெல்லாம் பழைய ஆண்டறிக்கைகளில் படத்தோடு இருக்கிறது, போய்ப் பாருங்கள். நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். நம் ஆண்டறிக்கை எதிலும் அது இல்லை.

வணிகக் குழு என்றால் கோட்டு போட்டுக்கொண்டு கை குலுக்குவது என்று உங்களில் சிலர் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து வந்தேன். பம்புசெட், மருந்து தெளிக்கும் கருவி, விதை, ஊறுகாய் என்று விவசாயத்தை ஒட்டிப் பிழைக்கிற கம்பெனிக்காரர்கள் தனியாக வெளிநாட்டுக்குப் போனால் விமான நிலைய வாசலிலேயே திணறிப்போவார்கள். யாரைப் பார்ப்பது, எந்தத் தாளை எந்த ஜன்னலில் கொடுப்பது, அந்த ஊர் விவசாயிக்கு உண்மையில் என்ன தேவை, ஒன்றும் தெரியாது. அவர்களில் எட்டுப் பத்துப் பேரைச் சேர்த்து, சரக்கை ஒன்றாக அனுப்பி, ஒரு கண்காட்சியில் இடம் பிடித்து, வாங்குகிறவர்களைக் கூட்டி வந்து எதிரே உட்கார வைக்க வேண்டும். அவ்வளவுதான் நம் வேலை. நம்மை நம்பி வருகிறவன் தன் பிழைப்பையே ஒரு பெட்டியில் போட்டு ஆணியடித்து நம் கையில் கொடுக்கிறான் என்பது மட்டும் யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டில் விவசாயக் கண்காட்சி. நாட்டின் பெயர் வேண்டாம், இன்றைக்கும் நம்மோடு வியாபாரம் செய்கிறவர்கள். எட்டுக் கம்பெனிகளுக்கு இடம் கிடைத்தது. அறிவிப்பு வந்த வாரமே ஏழு இடம் நிரம்பிவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்புசெட் செய்கிற ஒரு பெரிய முதலாளியைக் குழுத் தலைவராகப் போட்டார்கள். எட்டாவது இடத்தை ஒரு சின்னப் பட்டறைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பாதி ஊருக்கு மின்சாரம் இல்லாத நாட்டுக்குக் கையால் ஓட்டுகிற மெஷின் ஒன்றாவது போக வேண்டாமா என்று மேலதிகாரியிடம் கேட்டேன். அவர் என்னை முறைத்துவிட்டு, அப்படியென்றால் நீயே ஆளைப் பிடித்துக்கொண்டு வா என்றார்.

பூந்தமல்லியில் பஸ் மாறித் திருமழிசையில் இறங்கி, எஸ்டேட்டில் மூன்று நாள் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினேன். மூன்றாம் நாள்தான் முனிரத்தினம் அகப்பட்டார். அம்பத்தூரில் பதினைந்து வருஷம் ஃபிட்டராக இருந்துவிட்டு, வேலையை விட்டுச் சொந்தமாகப் பட்டறை போட்டவர். கையால் சுற்றுகிற வேர்க்கடலை உடைக்கும் மெஷின் ஒன்றைத்தான் செய்தார். மரச்சட்டம், இரும்புச் சல்லடை, ஒரு கைப்பிடி. நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன், அப்பா பாதுகாப்புத் தொழிற்சாலையில் டர்னர். ஒரு வேலை நல்ல வேலையா, ஒப்பேற்றிய வேலையா என்று பார்த்தவுடன் சொல்கிற அளவுக்கு எனக்குக் கண் உண்டு. அந்தச் சல்லடையை அவர் வளைத்திருந்த விதத்தைப் பார்த்ததும் தேடின ஆள் இவர்தான் என்று தெரிந்துவிட்டது.

மெஷின் நன்றாக இருந்தது, வாங்கத்தான் ஆள் இல்லை. சுற்றிலும் கடலை விளைந்த நிலங்கள் எல்லாம் மனைக்கல் நட்டுக் கிடந்தன. திண்டிவனம், செஞ்சிப் பக்கத்திலிருந்து மாதத்துக்கு ஒருவர், இரண்டு பேர் வந்து வாங்கிப் போனார்கள். அவரையும் சேர்த்துப் பட்டறையில் பன்னிரண்டு பேர். இப்படியே போனால் இன்னும் ஒரு வருஷம் தாங்கும், அப்புறம் இழுத்து மூட வேண்டியதுதான் என்று அவரே மறைக்காமல் சொன்னார். வேறு தேசத்தில் ஆள் கிடைத்தால்தான் அந்தப் பன்னிரண்டு பேருக்கும் சோறு என்பது எனக்கு அன்றைக்கே தெளிவாகத் தெரியும்.

மெஷினை ஓட்டிப் பார்த்துத் தேறியதா என்று சொல்கிற வேலை பச்சையம்மாள் என்ற அம்மாவுடையது. ஐம்பது வயது இருக்கும். முன்பு அதே மனைக்கல் நிலங்களில் கடலை பிடுங்கக் கூலிக்குப் போனவர், நிலம் விலை போனதும் பட்டறைக்கு வந்துவிட்டார். ஒரு கூடைக் கடலையைத் தொட்டியில் கொட்டிக் கைப்பிடியைச் சுற்றினார். கீழே விழுந்த பருப்பில் ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்தார். ஒன்றுகூட உடையவில்லை, மேலே இருந்த சிவப்புத் தோலும் உரியவில்லை. அப்படிப்பட்ட பருப்பை விதைக்கே எடுத்து வைக்கலாம்.

அன்றைக்குத் திண்டிவனத்துக்கு ஒரு மெஷின் கிளம்பிக்கொண்டிருந்தது. அந்த அம்மா ஒரு மஞ்சள் துணியில் இரண்டு கை கடலையை ஓட்டோடு முடிந்து, மெஷினின் தொட்டிக்குள் வைத்தார். எதற்கு என்று கேட்டேன்.

"வெறும் தொட்டியா அனுப்பலாமா சார்? மொறம் குட்த்தாலும் மரக்கா குட்த்தாலும் வெறுசாவா குடுக்கறோம்? வாங்கறவங்க மொத தபா சுத்தறப்ப இத்தப் போட்டுத்தான் சுத்தணும்."

ரொம்ப நல்ல பழக்கம் அம்மா என்று சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். டீ குடித்துவிட்டு பஸ் ஏறினேன். அந்த முடிச்சை நான் என் கண்ணால் பார்த்தேன் என்பதை நீங்கள் மறந்துவிடாதீர்கள். நான் மறந்துவிட்டேன்.

முனிரத்தினத்தைச் சம்மதிக்க வைப்பது பெரும்பாடாக இருந்தது. ஆறாவதோடு படிப்பு நின்றுபோன மனிதர், தமிழ் நன்றாகப் படிப்பார், இங்கிலீஷில் தன் பெயரை மட்டும் எழுதுவார். "நான் அங்க போயி இன்னாத்த சார் பேசுவேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பேசுவதற்கு நான் இருக்கிறேன், நீங்கள் மெஷினைச் சுற்றினால் போதும் என்றேன். கரையான்சாவடியில் அவர் வீட்டுத் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணைக்கு வந்தவரைக்கூடத் தெருவே சேர்ந்து உபசரித்து அனுப்பியதாம்.

அந்த நாட்டுக்காரர்கள் பயிர் நோய் விஷயத்தில் மிகக் கறாரானவர்கள். மண், வைக்கோல், விதை, இலை எதுவும் பெட்டியில் இருக்கக் கூடாது. எட்டுப் பெட்டிக்கும் சேர்த்து ஒரே உறுதிமொழிப் பத்திரம். பொறுப்பான அதிகாரி ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்த்துவிட்டு அதில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த அதிகாரி நான். விதிமுறைகள் நாலு பக்கம் இங்கிலீஷில் இருந்தன. ஏழு பேருக்குத் தாளை நகலெடுத்துக் கொடுத்தேன், அவர்களிடம் படிக்க ஆள் உண்டு. முனிரத்தினத்துக்கு மட்டும் வாயால் சொன்னேன்: மெஷினைத் துடைத்து, வைக்கோல் போடாமல், காகிதம் சுற்றிப் பெட்டியில் வையுங்கள் என்று. விதையைப் பற்றிச் சொல்லவில்லை. எதற்காக இந்தக் கட்டுப்பாடு என்றும் சொல்லவில்லை. நாலு பக்கத்தை உட்கார்ந்து தமிழில் சொல்ல எனக்குச் சோம்பல், வேறென்ன.

சரக்கு ஏற்றுகிற நாள் வந்தது. அம்பத்தூரில் ஏழு பெட்டிகளையும் திறந்து பார்த்தேன். கடைசியாகத் திருமழிசைக்கு வந்து சேரும்போது பொழுது சாயத் தொடங்கிவிட்டது. லாரிக்காரர் நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு, துறைமுகத்தில் இன்றைக்கு உள்ளே விட மாட்டார்கள் என்று புலம்பிக்கொண்டிருந்தார். பெட்டியில் ஆணியடித்து இரும்புப் பட்டை போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். பட்டறையில் இருந்த அத்தனை பேரும் நல்ல துணி உடுத்தி நின்றார்கள். முனிரத்தினம் கையில் சுத்தியலோடு வந்து, "தொறந்து காட்டட்டுமா சார்?" என்று கேட்டார்.

வேண்டாம், உங்கள் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்றேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நம்பிக்கையாவது ஒன்றாவது, எனக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான். ஒரு மனிதரைப் பெருமைப்படுத்துகிற மாதிரி என் அவசரத்தை மூடி மறைத்தேன். பெட்டியின் மேலேயே பத்திரத்தை வைத்து, எட்டையும் திறந்து பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன்.

கண்காட்சி தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது நாங்கள் போய் இறங்கினோம். மறுநாள் காலையில் துறைமுகத்துக் கிடங்குக்கு வரச் சொன்னார்கள். பயிர் நோய்த் தடுப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். அதட்டாத குரல், அவசரமில்லாத கை. எட்டாவது பெட்டி திறந்து கிடந்தது. மேஜையில் ஒரு வெள்ளைத் தாள் விரித்து, அதன் மேல் மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்து வைத்திருந்தார். ஓட்டோடு இருந்த கடலைகளை ஒரு குச்சியால் தள்ளித் தள்ளி எண்ணிக்கொண்டிருந்தார்.

அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். நீங்கள் இந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தீர்களா, இல்லையா? பார்க்கவில்லை என்றால் உறுதிமொழி பொய், அதில் அடங்கிய எட்டுப் பெட்டிகளும் வந்த வழியே திரும்ப வேண்டும். பார்த்தீர்கள், அதற்குப் பிறகு பெட்டிக்காரர் வைத்துவிட்டார் என்றால், பெட்டிக்காரர் அப்படி எழுதிக் கையெழுத்திட வேண்டும். அவர் பெட்டியை மட்டும் அழித்துவிட்டு மற்ற ஏழையும் இன்றைக்கே விடுவிப்போம். மதியம் வரை நேரம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

குழுத் தலைவர் என்னைக் கிடங்கின் ஓரத்துக்கு அழைத்துப் போனார். கெட்ட மனிதர் அல்ல. அவருடைய கம்பெனியிலும் நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்தார்கள்.

"ஒரு பெட்டிக்காக எட்டுப் பேரும் வெறுங்கையோட ஊருக்குத் திரும்பணுமா? நீங்களே சொல்லுங்க சார்."

உண்மையைச் சொன்னால் எட்டுப் பேரும் போச்சு, என் வேலையும் போச்சு. பொய் சொன்னால் ஒருவர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை என்பதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. என் வேலையை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டு திரிந்தேன். சேர்த்துத்தான் போட்டேன்.

முனிரத்தினம் ஒரு மரப்பலகை மேல் உட்கார்ந்திருந்தார். நடந்தது பாதி அவருக்கே புரிந்திருந்தது. ஏழு பெட்டி போக வேண்டுமானால் உங்கள் பெட்டியை விட வேண்டும், அதற்கு நீங்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொன்னேன். அவர், "அந்தச் சல்லடைய மட்டும் குட்க்க மாட்டாங்களா சார்?" என்று கேட்டார். அந்தச் சல்லடையை வளைக்க அவருக்கு ஒரு மாதம் பிடித்திருந்தது. தரமாட்டார்கள் என்றேன். சரி என்று தலையாட்டினார்.

நானே இங்கிலீஷில் எழுதினேன். ஐந்து வரி. இந்தப் பெட்டி என்னுடையது. இதில் இருந்த வேர்க்கடலை என் பட்டறையிலிருந்து வந்தது. அதிகாரி பெட்டியைத் திறந்து சோதித்த பிறகு அவருக்குத் தெரியாமல் நான் இதை உள்ளே வைத்தேன். மற்ற ஏழு பெட்டிகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. என் பெட்டியை அழிக்க எனக்குச் சம்மதம்.

ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து அவருக்குத் தமிழில் சொன்னேன். மூன்றாவது வரியைச் சொல்லவில்லை. விரல் அதைத் தாண்டி நாலாவதுக்குப் போய்விட்டது. அந்த ஆள் என்னை நம்பிக் கடல் தாண்டி வந்தவர். அவரை ஒரு திருட்டுப் பயலாக எழுதி வைத்துவிட்டு, அதை அவரிடமே மறைத்தேன். அவர் பேனாவை வாங்கித் தன் பெயரை எழுத்து எழுத்தாக இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார்.

கிடங்குக்குப் பின்னால் இருந்த சூளையில் பெட்டியை மெஷினோடு போட்டு எரித்தார்கள். போய்விடலாம் என்று நான் கூப்பிட்டும் அவர் வரவில்லை. எரிந்து முடிகிறவரைக்கும் நின்று பார்த்தார்.

கண்காட்சியில் ஏழு பேருக்கும் நல்ல வியாபாரம். எட்டாவது மேஜையில் மெஷினின் புகைப்படம் ஒன்றை ஒட்டி வைத்து, முனிரத்தினம் வெள்ளைச் சட்டையோடு அதன் பக்கத்தில் நின்றார். நான் எதிர்பார்க்காத ஒன்று அங்கே நடந்தது. மூன்றாம் நாள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றிலிருந்து கடலை பயிரிடுகிற பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். கையாலேயே உடைத்து உடைத்து அவர்களுடைய கட்டைவிரல் நகமெல்லாம் பிளந்திருந்தது. முனிரத்தினம் அதைப் பார்த்துவிட்டு என்னிடம், நம்ம பச்சையம்மாளுக்கும் பட்டறைக்கு வரும்போது விரல் இப்படித்தான் சார் இருந்தது என்று சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். பிறகு சாக்பீஸ் வாங்கித் தரையில் மெஷினை வரைந்தார். எங்கே கொட்டுவது, எங்கே பருப்பு விழும், எங்கே ஓடு பறக்கும் என்று சைகையிலேயே காட்டினார். அந்தப் பெண்கள் ஒரு மணி நேரம் அங்கேயே நின்றார்கள். போகும்போது இருபது மெஷின் வேண்டும், அடுத்த அறுவடைக்கு முன்னால் வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

திரும்பி வரும் விமானத்தில் அந்தத் தாளை அவர் சட்டைப் பையிலிருந்து எத்தனை முறை எடுத்துப் பார்த்தார் என்று தெரியாது. நான் நிம்மதியாகிவிட்டேன். பாவம் கழிந்துவிட்டது, மெஷின் எரிந்தாலும் ஆர்டர் வந்துவிட்டது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

இரண்டு மாதம் போயிற்று. ஒரு நாள் முனிரத்தினம் என் அலுவலகத்துக்குப் போன் செய்தார். அந்த நாட்டிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, நீங்கள் வந்துதான் படித்துக் காட்ட வேண்டும், பட்டறையில் எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்றார். மரம் வாங்கி அறுத்து வைத்துவிட்டதாகவும் சொன்னார். சந்தோஷமாகத்தான் போனேன்.

பன்னிரண்டு பேரும் மெஷின்களை நிறுத்திவிட்டு நின்றார்கள். உறையைக்கூடப் பிரிக்காமல் எனக்காக வைத்திருந்தார்கள். பிரித்தேன். கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள் வருத்தத்தோடு எழுதியிருந்தார்கள். இறக்குமதி அனுமதி மறுக்கப்பட்டுவிட்டது. அதிகாரிக்குத் தெரியாமல் தடை செய்யப்பட்ட விதையைப் பெட்டியில் ஒளித்து வைத்ததாக இந்தக் கம்பெனியின் முதலாளியே எழுதிக் கையெழுத்திட்டிருப்பதால், அவருடைய பெயர் விலக்கி வைக்கப்பட்டவர்கள் பட்டியலில் இருக்கிறது. இனி அவரிடமிருந்து எதுவும் வாங்க முடியாது.

முதலில் மனசுக்குள் படித்துவிட்டேன். அனுமதி கிடைக்கவில்லையாம் என்று மட்டும் சொல்லிக் கடிதத்தை மடிக்கலாமா என்று அந்த நிமிஷத்திலும் எனக்குத் தோன்றியது. மனுஷன் எவ்வளவு கீழே போக முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். முனிரத்தினம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மடிக்க முடியவில்லை. ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னேன்.

முனிரத்தினம்தான் முதலில் பேசினார்.

"அன்னிக்கி நீங்க உட்ட வரி இதானா சார்?"

ஆமாம் என்றேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. அங்கே, அந்தக் கிடங்கிலேயே தெரிந்திருக்கிறது. தாளில் ஐந்து வரி இருந்ததும், தமிழில் நாலுதான் வந்ததும், என் விரல் ஓரிடத்தில் தாண்டியதும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. பதினைந்து வருஷம் நூலிழை அளவு பார்த்து ஃபிட்டர் வேலை செய்தவரிடம் என் விரல் வித்தை எடுபடுமா?

பச்சையம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் வெச்ச முடிச்சாலதான் இத்தினியுமா நைனா?" என்று முனிரத்தினத்தைத்தான் கேட்டார், என்னைக் கேட்கவில்லை. இல்லை அம்மா, பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியது என் வேலை, நான் பார்க்கவில்லை, நீங்கள் வைக்கக் கூடாது என்று யாருமே உங்களிடம் சொல்லவில்லை என்றேன். அந்த அம்மா கேட்டுக்கொண்டார், ஆனால் நம்பவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை என்றெல்லாம் எழுதி உங்கள் இரக்கத்தைக் கேட்கப் போவதில்லை. மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து நடந்ததை எழுதினேன். பெட்டியைத் திறக்காமல் நான்தான் கையெழுத்துப் போட்டேன், அந்த வாக்குமூலம் நான் எழுதியது, அதன் மூன்றாவது வரி பொய், கையெழுத்திட்டவருக்கு அது படித்துக் காட்டப்படவில்லை. ஒரு பிரதி அந்த நாட்டு அலுவலகத்துக்கு, ஒரு பிரதி என் மேலதிகாரிக்கு. தபாலில் போடுவதற்கு முன் முனிரத்தினத்திடம் போய் முழுசும் படித்துக் காட்டினேன். வேண்டாம் சார், உங்கள் வேலைக்கு ஆபத்து என்று அவர் தடுத்தார். போட்டுவிட்டேன்.

மேலதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். ஏன் செய்தாய் என்று கத்தவில்லை, ஏன் எழுதினாய் என்றுதான் கத்தினார். விசாரணை நடந்தது. வேலை தப்பியது, ஆனால் அதற்குப் பிறகு பல வருஷம் என்னை எந்தக் குழுவிலும் சேர்க்கவில்லை. கோப்பு அறையில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதிய பயண அறிக்கைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். நம் அலுவலகம் அந்த நாட்டுக்குக் குழுவில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பத்திரம் கொடுக்கிற சலுகையும் பறிபோனது. இன்றைக்கு நீங்கள் கம்பெனிக்குக் கம்பெனி தனித்தனியாகப் பத்திரம் தயார் செய்து அலுத்துக்கொள்கிறீர்களே, அதற்குக் காரணம் நான்தான். என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

முனிரத்தினத்தின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அந்தப் பெண்கள் ஒரு அறுவடையைக் கையாலேயே உடைத்துவிட்டு, வேறு தேசத்து மெஷின்களை வாங்கிவிட்டார்கள். மெஷின் வாங்க வேறு யாரையாவது அவருக்குப் பிடித்துத் தரலாம் என்று நான் மற்ற நாடுகளுக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. பட்டறையில் பன்னிரண்டு பேர் ஐந்து பேராகக் குறைந்தார்கள். பச்சையம்மாள் அம்பத்தூரில் ஒரு துணிக் கம்பெனிக்கு நூல் வெட்டுகிற வேலைக்குப் போய்விட்டார். போவதற்கு முன் அவரைப் பார்த்து இன்னொரு முறை பேச வேண்டும் என்று நினைத்தேன். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டதில் பார்க்காமலே போயிற்று.

அதற்கும் அடுத்த வருஷம் அதே சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. வாங்கிய மெஷின் பருப்பை உடைத்துவிடுகிறது, விதைக்கு ஆகவில்லை, தரையில் படம் வரைந்து காட்டியவரிடமிருந்து நாலு மட்டும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இருபது கேட்டவர்கள் நாலு கேட்டார்கள். முனிரத்தினம் அந்த நாலையும் செய்தார்.

நீங்கள் போகிறபோது பெட்டியைத் திறந்து பாருங்கள் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அது விதிமுறையிலேயே இருக்கிறது. விதிமுறையில் இல்லாதது ஒன்று உண்டு. நெருக்கடி வரும், கட்டாயம் வரும். ஒருவனை விட்டால்தான் ஏழு பேர் பிழைப்பார்கள் என்கிற நிலைமையும் வரும். அப்போது எதைச் செய்தாலும் உங்களுக்கு உறுத்தும். ஆனால் யாரை விடப் போகிறீர்களோ, அவனிடம் முழுசையும் அவன் பாஷையில் சொல்லிவிட்டு விடுங்கள். முடிவு எடுக்கிற உரிமை அவனுக்கும் உண்டு. அதை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த நாலு மெஷினும் லாரியில் ஏறின நாள் நான் லீவு போட்டுவிட்டுத் திருமழிசைக்குப் போனேன். அதிகாரியாகப் போகவில்லை, சோதிக்க வேறொருவர் வந்திருந்தார். பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து மூடினார்கள். வேலை முடிந்து முனிரத்தினம் கை கழுவிக்கொண்டிருந்தபோது, இரண்டு வருஷத்துக்கு மேலாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டேன். ஒரு வரியை விட்டேன் என்று தெரிந்தும் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள்?

அவர் துண்டில் கையைத் துடைத்தார்.

"ஏழு பேரு நின்னுக்கினு கீறாங்க. நீங்களும் வேர்த்துப் போயி கீறீங்க. நமக்கு ஆவாத வரின்னு தெரிஞ்சுதான் சார் போட்டேன். முழுசா படிச்சிருந்தாலும் போட்டுத்தான் இருப்பேன்."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஆனா நீங்க படிச்சிருக்கணும் சார்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் கேட்டேன். வாய்விட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். பரவாயில்லை சார் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன், எல்லோரும் அப்படித்தானே சொல்வார்கள். அவர் சொல்லவில்லை. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, லாரிக்காரர் கயிற்றைச் சரியாகக் கட்டுகிறாரா என்று பார்க்கப் போனார்.